செல்போன்: எதற்கு அஞ்ச வேண்டும்?

செல்போனைக் காதில் வைத்துப் பேசினால் மூளையில் கட்டி வரும் என்ற செய்தி நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்குர்ஆன் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறது. எனவே விசாரிப்போம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் செல்போனின் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் வரலாம் என்ற ஐயம் உண்டு, ஆதாரம் போதாது என்பதே இதன் பொருள். 2024-ல் அந்நிறுவனத்துக்காக நடந்த விரிவான ஆய்வுத் தொகுப்பில், மூளைப் புற்றுநோய்க்கும் செல்போனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆயினும் பேணுதல் நல்லதே. இந்தியாவில், உடல் ஈர்க்கும் கதிர்வீச்சு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது; பல போன்களில் *#07# அழுத்தினால் அந்த அளவு தெரியும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் கூடுதல் சக்தியை வெளியிடும். அங்கே நீண்ட பேச்சைத் தவிர்க்கலாம்.

நம் கவலை வேறு. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. இன்றோ பேச ஆளே வேண்டாம். போர்வைக்குள் நள்ளிரவு தாண்டியும் திரை ஒளிர்கிறது. அந்த வெளிச்சம் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. சுப்ஹு ஜமாஅத்தில் இளைஞர்களைக் காணோம்! ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசியபடி பைக் ஓட்டுவதன் ஆபத்தை அறிய ஆய்வும் தேவையா?

இரவில் போனை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு வேண்டுமே என்பார்கள் பிள்ளைகள். ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.