கமோண்டோ வீட்டில் ஒரு ஞாயிறு

2023இல் கம்பெனி வேலையாகப் பாரிஸ் போனபோது ஒரே ஒரு ஞாயிறு ஓய்வு கிடைத்தது. கூட வந்த நண்பன் லூவர் என்றான். நான் மொன்சோ தெரு, 63ஆம் எண் வீடு என்றேன். "பழைய நாற்காலியப் பாக்கவாடா காசு குடுக்கணும்?" என்று கேட்டான். ஆனாலும் வந்தான்.

வெளியே நின்று பார்த்தால் 18ஆம் நூற்றாண்டு. உண்மையில் கட்டியது 1911-14. இஸ்தான்புல்லில் பிறந்த யூத வங்கியாளர் மொயீஸ் த கமோண்டோ, பெற்றோரின் வீட்டை இடித்துவிட்டு, வெர்சாயில் உள்ள குட்டி திரியனோன் மாளிகையின் சாயலில் இதை எழுப்பினார். புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சு மரச்சாமான் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அரசவைத் தச்சர் ரீசனர் செய்தவைகூட இங்கே இருக்கின்றன.

நான் ஏர்கோன் துறைக்காரன். என் கண் வேறு எதையோ தேடியது. வடிகட்டிய வெப்பக்காற்றால் வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு, லிஃப்ட், நவீனக் குளியலறைகள், இராட்சத அடுப்புள்ள சமையலறை. பதினாறாம் லூயி காலத்து முகம், 20ஆம் நூற்றாண்டு வயிறு!

ஆனால் நான் அதிகநேரம் நின்றது பீங்கான் அறையில்தான். சேவ்ர் பீங்கான் தட்டுகள், தட்டுக்கொரு பறவை. பின்பக்கம் அந்தப் பறவையின் பெயரை எழுதியிருக்கிறார்கள். தனியாகச் சாப்பிடும் நாளில் மொயீஸ் இங்கேதான் உட்காருவாராம். அப்படிப்பட்ட நாள்கள் நிறைய இருந்திருக்கும். மணமுறிவு ஆனவர். விமானப்படையில் இருந்த மகன் நிசிம் 1917இல் வான்சண்டையில் இறந்துபோனான். அதன்பிறகு இந்த வீடு யாருக்கு?

மகன் பெயரை வைத்து, எதையும் இடம் மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு, வீட்டை நாட்டுக்கு எழுதிவைத்தார். 1935இல் இறந்தார். மறுவருஷம் அருங்காட்சியகம் திறந்தது.

வாசலருகே ஒரு கல்வெட்டு. மகள் பெயாத்ரிஸ், அவள் கணவர் லியோன் ரைனாக், பிள்ளைகள் ஃபான்னி, பெர்த்ரான். 1942இல் பெயாத்ரிஸும் ஃபான்னியும் கைதானார்கள். நால்வரும் பிரெஞ்சுப் போலீஸ் நடத்திவந்த திரான்சி முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1943இலும் 1944இலும் அங்கிருந்து ஆஷ்விட்ஸ். ஒருவரும் திரும்பவில்லை. அண்ணன் இந்த நாட்டுக்காக உயிரை விட்டவன், அப்பா வீட்டையே கொடுத்தவர். நாற்காலிகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர்கள் அவளைக் காப்பாற்றவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

நண்பன் கல்வெட்டை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அப்ப இவங்க வம்சத்துல யாருமே இல்லியா?"

"இல்லடா."

மெட்ரோ வரைக்கும் அவன் பேசவே இல்லை.