சந்திர விலாஸ் வீட்டு நாத்திகர்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு பார்வர்ட் அனுப்பினார். நோபல் பரிசு வாங்கிய நம்ம மயிலாப்பூர் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் எல்லாவற்றையும் வேதத்திலிருந்துதான் கண்டுபிடித்தாராம். கீழே வரிசையாகக் கும்பிடு. கல்லூரியில் படிக்கும் என் மகள், "தாத்தா, அவர் நாத்திகர்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோச்சு. பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

தகவல் அளவில் மகள் சொன்னதுதான் சரி. தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய காமேஷ்வர் வாலியிடம், தனக்கு மத நம்பிக்கை கிடையாது, தான் ஒரு நாத்திகன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் கதையின் முக்கியமான பகுதி விட்டுப்போகும்.

1910-ல் லாகூரில் பிறந்தவர். மெட்ராஸுக்கு வந்தபின் குடும்பம் குடியிருந்த வீடு எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் இருந்த 'சந்திர விலாஸ்'. மதத் தத்துவம் எழுதிய ராதாகிருஷ்ணன் பெயரில் இன்று இருக்கிறதே, அதே சாலைதான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. சித்தப்பா சி.வி. ராமன். அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

1930-ல், 19 வயசில், இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். போகிற வழியிலேயே ஒரு கணக்கு. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் ஈர்ப்பால் சுருங்கும். ஒரு கட்டத்தில் எலக்ட்ரான்களின் அழுத்தம் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது, ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தால், அழுத்தம் போதாது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் தாங்காது. சுருக்கம் நிற்காது.

1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்ததும் எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியலில் அவர் வைத்ததுதான் சட்டம். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்றார். கணக்கில் எங்கே தப்பு என்று காட்டவில்லை. கடைசியில் சந்திரசேகர் இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி 1939-ல் வெளியிட்டுவிட்டு வேறு துறைக்குப் போனார். நோபல் வந்தது 1983-ல்.

இந்த எடிங்டன் ஆழ்ந்த மத நம்பிக்கையாளர். போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர முடியாது என்று தீர்ப்பாயத்தின் முன் சொன்னவர். விஞ்ஞானமும் ஆன்மிகமும் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

"பாருங்க, பக்தர் தப்பு, நாத்திகர் சரி" என்று முடிக்கலாம்தானே? சந்திரசேகர் அப்படி முடிக்கவில்லை. பெரிய விஞ்ஞானிகள் ஏன் வயசான பிறகு வறண்டுபோகிறார்கள் என்று யோசித்தவர், அதற்குக் காரணமாகச் சொன்னது இயற்கையின் முன் வரும் ஒருவித அகந்தையை. ஒரு முறை பெரிய வெற்றி கிடைத்ததும், தான் பார்க்கும் விதம்தான் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். உதாரணமாக எடிங்டனைச் சொன்னார். கூடவே ஐன்ஸ்டைனையும். இதற்கும் கடவுள் நம்பிக்கைக்கும் அவர் முடிச்சுப் போடவில்லை.

எடிங்டனோடு நட்பும் அறுந்துபோகவில்லை. 1982-ல், எடிங்டன் நூற்றாண்டில், கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றி நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவரே சந்திரசேகர்தான். தன் காலத்தின் மிகச் சிறந்த வான் இயற்பியலாளர் என்று பாராட்டினார்.

எனக்குப் படுவது இது: 'இயற்கை எனக்குப் பிடித்த மாதிரிதான் இருக்கணும்' என்கிற பிடிவாதம் பூஜை அறையிலும் வரும், ஆய்வகத்திலும் வரும். எங்கள் குழுவிலும் வந்தது, இரண்டு பக்கத்திலும். பெரியப்பாவுக்கு விஞ்ஞானி பக்தராக இருக்கணும். என் மகளுக்கு அந்த ஒற்றை வரியோடு தாத்தாவை வாயடைக்கணும்.

இதைச் சுருக்கிக் குழுவில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த எடிங்டனை ஜெயில்ல போட்டாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. தேடிப் பார்த்துத் தாத்தாவுக்குப் போன் பண்ணிச் சொல்லு என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.