மணலி ஆலையும் கச்சா எண்ணெய்க் கொள்முதலும்

வடசென்னையின் மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் 1965 டிசம்பரில் 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் 74:13:13 விகிதத்தில் பங்கு கொண்டன. 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் ஆலை இயங்கத் தொடங்கியது. எந்த எண்ணெயை வாங்குவது என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. ஈரானின் தாரியஸ் வயல் எண்ணெயை மனத்தில் கொண்டே ஆலை வடிவமைக்கப்பட்டிருந்தது. பங்குதாரரே விற்பவராகவும் இருந்தார்.

மணலிக்குக் கடல் இல்லை. கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, சுமார் 17 கி.மீ. நீளமுள்ள 30 அங்குலக் குழாய் வழியாக வடசென்னையின் நெரிசலான பகுதிகளைக் கடந்து ஆலைக்கு வந்தது. பெட்ரோலியக் கப்பல்களுக்காக 1972-இல் பாரதி கப்பல்துறை திறக்கப்பட்டது. பழைய குழாய்க்கு மாற்றாக 42 அங்குலக் குழாய் பின்னாளில்தான் வந்தது.

ஆலை வளர வளரக் கணக்கு இறுகியது. இன்றைய திறன் ஆண்டுக்கு 105 லட்சம் டன். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 29,000 டன். 'சூயஸ்மாக்ஸ்' வகைக் கப்பல் ஒன்று கொண்டுவரும் சுமார் 1,30,000 டன் நான்கரை நாளில் தீர்ந்துவிடும். 20 லட்சம் பீப்பாய் ஏற்றும் பெருங்கப்பலில் பீப்பாய்க்கு ஆகும் வாடகை குறைவுதான். ஆனால் முழுச் சுமையுடன் அது உள்ளே வரச் சென்னைத் துறைமுகத்தின் ஆழம் போதாது. எனவே சிறிய கப்பல்கள் அடிக்கடி வர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல்கள் வெளிக்கடலுக்கு அனுப்பப்படும். அப்போது ஆலையைக் காப்பது தொட்டியில் உள்ள இருப்பு மட்டுமே. இருப்பைக் கூட்டினால் முதலீடு முடங்கும். தொட்டியில் இடமில்லாத நேரத்தில் கப்பல் வந்து நின்றால் தாமதக் கட்டணம் ஏறும்.

இதற்குள் எண்ணெயின் ரகமும் வருகிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல் வரப் பத்து நாள் அளவில் ஆகும்; மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல். கந்தகம் மிகுந்த எண்ணெய் மலிவு, ஆனால் அதிலிருந்து தரமான டீசலை எடுக்கச் செலவு கூடும். மலிவான எண்ணெய் லாபமான எண்ணெயாக இருக்க வேண்டியதில்லை. இத்தகைய தெரிவுகளுக்கு உலகெங்கும் ஆலைகள் நேரியல் திட்டமிடல் என்னும் கணித முறையைப் பயன்படுத்துகின்றன. 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் இதன் தீர்வுமுறையை உருவாக்கினார். 1952-இலேயே சார்ன்ஸ், கூப்பர், மெல்லன் ஆகியோர் விமானப் பெட்ரோல் கலவைக்கு அதைப் பொருத்திக் காட்டினர்.

உற்பத்திப் பொருள் வெளியேறும் வழி 2005-இல் மாறியது. சென்னை–திருச்சி–மதுரைக் குழாய், ரயில் வேகன்களும் டேங்கர் லாரிகளும் சுமந்ததில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

குழாயும் தொட்டியும் இருக்கும் இடத்தில் வாழ்பவர்கள் இந்தக் கணக்குகளில் வருவதில்லை. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது தெரியவந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. மீனவர்களின் படகும் வலையும் பாழாயின.

அமோகோ 1985-இல் விலகியது. 2000-ஐ ஒட்டி நிறுவனம் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறி, இந்தியன் ஆயில் வசம் வந்தது. ஈரான் மட்டும் துணை நிறுவனம் மூலம் சுமார் 15 சதவீதப் பங்குடன் தொடர்ந்தது. அமெரிக்கத் தடையிலிருந்து இந்தியாவுக்கு இருந்த விலக்கு 2019 மே மாதத்தில் முடிந்ததும் ஈரான் எண்ணெய் இறக்குமதி நின்றது. பங்கு அப்படியே இருந்தது.