ரீங்காரத்தின் சரித்திரம்

ஒலிபெருக்கி வைத்து நடத்தும் விழாக்களில், பேச வேண்டியவர் மேடையேறுமுன்னரே ஒரு குரல் கேட்கத் தொடங்கிவிடும். வண்டு முரல்வது போன்ற அந்த ஓயாத ஒலியை மைக் செட்காரர்கள் ‘ஹம்’ என்பர். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த அலைவே 50 அல்லது 100 அதிர்வுகளுடைய ஒலியாக மாறி நம் காதுக்கு வருகிறது. அதை விரட்ட மனிதன் கையாண்ட வழிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் உயிரிழப்பும் உண்டு.

இத்தொல்லை முதலில் தோன்றியது மேடையில் அன்று, தொலைபேசியில். ஆரம்ப காலத் தொலைபேசிக்கு ஒரே கம்பிதான். மின்சாரம் திரும்பி வரும் பாதையாகப் பூமியே பயன்பட்டது. பக்கத்துத் தந்திக் கம்பியின் சப்தமும், பின்னர் விளக்குக்கும் டிராமுக்கும் வந்த மின்சாரத்தின் இரைச்சலும் அந்த ஒற்றைக் கம்பியில் தொற்றிக்கொண்டன. 1881ஆம் ஆண்டில் கிரஹாம் பெல் இதற்கொரு பரிகாரம் கண்டு காப்புரிமை பெற்றார். இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்தினால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சம அளவில் ஏறும். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் கருவி ஏற்றால், இரைச்சல் தானே கழிந்துபோகும். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குத்தான். ஆயினும் போட்டுப் பார்க்க ஒரு பெல் வேண்டியிருந்தது!

எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1955இல், அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸெத் லவர், மின்சாரக் கிதாருக்காக இதே கணக்கை வேறு விதமாகப் போட்டார். ஒரு கம்பிச் சுருளுக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த இரு சுருள்களை வைத்தார். தந்தியின் நாதம் கூடிற்று, ரீங்காரம் கழிந்தது.

இவை நல்வழிகள். தீயவழி ஒன்றும் உண்டு. மேடையிலுள்ள கருவி ஒரு பிளக்கிலும், மண்டபத்தின் கோடியிலுள்ள ஆம்பிளிஃபையர் வேறொரு பிளக்கிலும் மின்சாரம் பெறுவதாகக் கொள்ளுங்கள். இரண்டும் தனித்தனி எர்த் உடையவை. நடுவே செல்லும் ஒலிக் கம்பியின் உலோக உறை இவ்விரு எர்த்துகளையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. வளையத்தில் சிறு மின்னோட்டம் ஓடும், அதுவே ரீங்காரமாகிறது. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் வளையம் அறும்; ரீங்காரமும் நிற்கும். ஆனால் பின்னொரு நாள் கருவிக்குள் ஒரு கம்பி நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரம் இறங்க வழியில்லை, ஃபியூஸும் போகாது. ஒரு கை கிதார்த் தந்தியிலும் மறு கை மைக்கிலுமாக நிற்பவரின் உடலே வழியாகிவிடும்.

எர்த் சரியில்லாத மேடை என்ன செய்யும் என்பதை உலகம் 1972ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி கண்டது. வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரில், ‘ஸ்டோன் த குரோஸ்’ என்னும் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, சரிவர எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் மேடையிலேயே மாண்டார். வயது 27.

அறுக்க வேண்டியது ஒலிக் கம்பியின் வளையத்தை. மின்சார எர்த்தை அன்று. கருவிகள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தாலே பெரும்பாலும் ரீங்காரம் அடங்கிவிடும். அடங்காவிடில், நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் ஒன்றை வைக்கலாம். அதில் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒலி காந்தத்தின் வழியே தாவிச் செல்கிறது. அப்பெட்டியிலுள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்னும் சுவிட்ச், ஒலிக் கம்பியின் உறையை மட்டுமே துண்டிக்கிறது. இவற்றோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்சும் இருத்தல் நலம்.

நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது, ஒரு பள்ளி ஆண்டு விழாவில், ஒத்திகைக்கு வந்த சிறுவன் ஒருவன், “சார், மைக் சுருக்கென்கிறது” என்றான். போய்ப் பார்த்தேன். ரீங்காரத்தை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள். வேறு பிளக் மாட்டும் வரை மேடையில் எவரையும் ஏற்றமாட்டேன் என்று நின்றேன். விருந்தினர் முகம் சுளித்தார். முக்கால் மணி தாமதமாக நாடகம் தொடங்கிற்று. டி.ஐ. பாக்ஸ் எங்களிடம் ஏது? அரிச்சந்திரன் பேசிய வசனமெல்லாம் அன்று ரீங்காரத்தோடுதான் கேட்டது.