ஹாலிதே எதீப்: துருக்கியின் போர்க்காலச் செவிலி, பத்திரிகையாளர்

1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெல்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவில் ஒரு துருக்கிப் பெண்மணி தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றில் ஒன்றுக்குக் காந்தியடிகள் தலைமை தாங்கினார். பேசியவர் ஹாலிதே எதீப். அவரை அழைத்தவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி. 1912 டிசம்பரில், பால்கன் போரில் காயமுற்ற உஸ்மானிய வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க இந்திய முஸ்லிம்கள் அனுப்பிய மருத்துவக் குழுவின் தலைவர் அவர். அதே போரில் ஹாலிதேயும் இஸ்தான்புலில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார்.

1884இல் இஸ்தான்புலில் பிறந்த ஹாலிதே, உஸ்குதாரில் இருந்த அமெரிக்கப் பெண்கள் கல்லூரியில் 1901இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற தொடக்ககாலத் துருக்கிய முஸ்லிம் பெண்களில் அவரும் ஒருவர். கணித அறிஞர் ஸாலிஹ் ஸெகியை மணந்து இரு மகன்களுக்குத் தாயானார். கணவர் இரண்டாம் திருமணம் செய்ய முனைந்தபோது, அதை ஏற்க மனமின்றி 1910இல் மணவிலக்குப் பெற்றுத் தனியே வாழ்ந்தார். பலதார மணத்துக்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அதைச் சகித்துக்கொண்டே வாழ வேண்டும் என்று எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தவில்லை. அவரைக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1908 அரசியல் மாற்றத்துக்குப் பிறகு 'தனின்' நாளேட்டில் பெண்கல்வி பற்றி எழுதத் தொடங்கினார். அந்த எழுத்துக்காகவே கொலை மிரட்டல்கள் வந்தன. 1909இல் இஸ்தான்புலில் எதிர்ப்புரட்சி வெடித்தபோது பிள்ளைகளுடன் எகிப்துக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது.

அவர் வாழ்வில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. முதல் உலகப் போரின்போது ஜெமால் பாஷாவின் அழைப்பில் சிரியா, லெபனான் பகுதிகளுக்குப் பள்ளிகள் நடத்தச் சென்றார். அங்கே அந்தூரா அநாதை இல்லத்தில் பெற்றோரை இழந்த அர்மீனியச் சிறுவர்களுக்கு முஸ்லிம் பெயர்கள் சூட்டப்பட்டன. இதைத் தாம் எதிர்த்ததாக அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். ஆனாலும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்று ஓதும் நாம் இதற்கு நியாயம் கற்பிக்க முடியாது.

1917இல் டாக்டர் அத்னானை மறுமணம் செய்தார். 1919 மே 15 அன்று கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. அந்த மாதமே சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல் சதுக்கத்தில் கறுப்பு உடையில் நின்று பெருங்கூட்டத்தின் முன் ஹாலிதே பேசினார். மக்கள் நமக்கு நண்பர்கள், அரசுகளே எதிரிகள் என்பது அவர் பேச்சின் சாரம். 1920 மார்ச் 16 அன்று ஆங்கிலேயர் இஸ்தான்புலை முறையாக ஆக்கிரமித்ததும் கணவனும் மனைவியும் மாறுவேடத்தில் வெளியேறினர். உஸ்குதாரில் இருந்த உஸ்பெக் சூஃபிகளின் தக்கியா அவர்களுக்குப் புகலிடம் தந்தது. போராளிகளையும் ஆயுதங்களையும் அனத்தோலியாவுக்கு ரகசியமாக அனுப்பிவைத்த இடம் அது. மே மாதம் இஸ்தான்புல் இராணுவ நீதிமன்றம் முஸ்தஃபா கமாலுடன் இவ்விருவருக்கும் சேர்த்தே மரண தண்டனை விதித்தது.

அங்காரா செல்லும் வழியில், ஒரு ரயில் நிலையத்தில் பத்திரிகையாளர் யூனுஸ் நாதியுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி நிறுவனத்துக்கான திட்டம் உருவானது. அதுதான் 1920 ஏப்ரல் 6இல் தொடங்கப்பட்ட அனடோலு செய்தி நிறுவனம். இன்று காஸா செய்திகளுக்காக நாம் அன்றாடம் புரட்டும் அதே நிறுவனம். ஹாலிதே வெளிநாட்டு ஏடுகளை மொழிபெயர்த்துத் தலைமையகத்துக்குத் தந்தார். அன்சாரியின் மருத்துவக் குழுவோடு வந்து துருக்கியிலேயே தங்கிவிட்ட அப்துர் ரஹ்மான் பெஷாவரியும் அந்நிறுவனத்தின் தொடக்ககாலச் செய்தியாளர்களில் ஒருவர். பின்னர் அவர் அங்காராவின் தூதராகக் காபூல் சென்றார்.

1921 கோடையில் ஹாலிதே எஸ்கிஷெஹிர் செம்பிறை மருத்துவமனையில் செவிலியானார். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துச் சிகிச்சை அளித்த ருஃபைதா (ரலி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. முஸ்லிம் பெண்ணுக்கு இது புதிய பணியல்ல. ஜூலையில் அந்நகரம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே படையில் சேர விரும்புவதாக முஸ்தஃபா கமாலுக்குத் தந்தி அடித்தார். சகாரியா போரின்போது கார்ப்பரலாக மேற்குமுனைத் தலைமையகத்தில் பணியாற்றினார். எரிக்கப்பட்ட கிராமங்களுக்குச் சென்று மக்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் பொறுப்பும் அவரிடம் தரப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து எழுந்ததுதான் 1922இல் வெளிவந்த 'நெருப்புச் சட்டை' நாவல். அதன் நாயகியும் ஒரு செவிலிதான்.

வெற்றிக்குப் பின், நேச நாட்டுப் படைகள் இன்னும் இஸ்தான்புலை விட்டு நீங்காத நிலையில், அங்கே அங்காராவின் வெளியுறவுத் துறைப் பிரதிநிதியாக அத்னான் நியமிக்கப்பட்டார். உலகம் இன்னும் ஏற்றுக்கொள்ளாத ஓர் அரசின் தூதர் வீட்டுத் தலைவியானார் ஹாலிதே.

அது நீடிக்கவில்லை. அத்னான் பங்கேற்றுத் தொடங்கிய எதிர்க்கட்சி 1925இல் தடை செய்யப்பட்டது. தம்பதியர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1919 ஆகஸ்டில், துருக்கி முழுமையாகத் துண்டாடப்படாமல் இருக்க அமெரிக்கப் பாதுகாப்பை ஏற்கலாம் என்று ஹாலிதே எழுதிய கடிதத்தை முஸ்தஃபா கமால் தமது 1927 பேருரையில் சேர்த்தார். போர்முனையில் நின்றவர் அந்நிய ஆதரவாளர் என்று பெயர் வாங்கினார். 1928இல் ஆங்கிலத்தில் வந்த அவரது நினைவுக் குறிப்பின் இரண்டாம் தொகுதி, ஒருவகையில் அப்பேருரைக்குத் தந்த பதிலுரை.

இந்த நாடு கடந்த வாழ்வில்தான் டெல்லிப் பயணம் நிகழ்ந்தது. அன்சாரியின் 'தாருஸ் ஸலாம்' இல்லத்தில் தங்கினார். அலிகர், லாகூர், பெஷாவர், ஹைதராபாத் எனச் சுற்றினார். 1937இல் வெளிவந்த 'இந்தியாவுக்குள்' என்ற அவரது ஆங்கில நூலில் அப்துல் கஃபார் கானும் இருக்கிறார். 'பாகிஸ்தான்' என்ற பெயரை முன்வைத்த சவுதரி ரஹ்மத் அலியும் இருக்கிறார். பிரிவினைக்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய இந்திய முஸ்லிம்களின் மனநிலையை அறிய விரும்புவோர் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

1939இல் தாயகம் திரும்பினார். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத் துறையை நடத்தினார். 1950 முதல் 1954 வரை இஸ்மிர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1964 ஜனவரி 9 அன்று காலமானார். இஸ்தான்புல் மெர்கெஸ் எஃபெந்தி அடக்கத்தலத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.