மீசோதெலியோமா: ஆபத்துக் காரணிகள்

நுரையீரல், வயிற்று உறுப்புகள், இதயம் ஆகியவற்றைச் சுற்றி மெல்லிய உறை அமைந்துள்ளது. இவ்வுறையில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோய் மீசோதெலியோமா எனப்படும். இது பெரும்பாலும் நுரையீரல் உறையிலும், அதற்கு அடுத்தபடியாக வயிற்றறை உறையிலும் உண்டாகிறது. கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சுவாசிப்பதே இதன் முதன்மைக் காரணம்.

ஆபத்துக் காரணி ஒருவருக்கு இருப்பதாலேயே நோய் வந்துவிடும் என்று பொருளன்று. கல்நார்த் தூசிக்கு உள்ளானவர்களுள் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. இது தொற்றுநோயும் அன்று.

கல்நார் தீங்கு விளைவிக்கும் விதம்

கல்நாரை வெட்டும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் காற்றில் கலக்கின்றன. மூச்சின் வழியே உட்செல்லும் இழைகளுள் சில நுரையீரல் உறையைச் சென்றடைந்து நெடுங்காலம் தங்கி, அழற்சியை உண்டாக்குகின்றன. முதன்முதலில் தூசிக்கு உள்ளானது முதல் நோய் வெளிப்படும் வரை பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். நீலம், பழுப்பு, வெள்ளை உள்ளிட்ட எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையே.

ஆபத்து மிகுந்த பணிகள்

• கல்நார்ச் சுரங்கப் பணி
• ஆஸ்பெஸ்டாஸ் தகடு, குழாய் ஆகியவற்றின் உற்பத்தி
• கப்பல் கட்டுதலும் உடைத்தலும்
• கொதிகலன், நீராவிக் குழாய் ஆகியவற்றுக்கு வெப்பக் காப்பு அமைத்தலும் அகற்றலும்
• பழைய கட்டடங்களை இடித்தல்
• கல்நார் கலந்த பிரேக், கிளட்ச் பாகங்களின் உற்பத்தி

குடும்பத்தினரும் அருகில் வசிப்போரும்

தொழிலாளியின் உடையிலும் தலைமுடியிலும் படிந்த தூசி வீட்டை வந்தடைகிறது. அவ்வுடைகளைத் துவைத்த மனைவியும், உடன் வாழ்ந்த பிள்ளைகளும் பல ஆண்டுகளுக்குப் பின் இந்நோய்க்கு ஆளானதுண்டு. தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் கண்டறியப்பட்ட 33 நோயாளிகளைப் பற்றி 1960-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. அவர்களுள் சிலர் சுரங்கத்தில் பணியாற்றாமல், அதன் அருகே வாழ்ந்தவர்கள் மட்டுமே.

பிற காரணிகள்

• எரியோனைட்: இது இழை வடிவக் கனிமம். துருக்கியின் கப்படோக்கியாப் பகுதிச் சிற்றூர்கள் சிலவற்றில் இதனால் பலர் இந்நோய்க்கு ஆளாயினர்.
• மார்பு அல்லது வயிற்றில் முன்பு பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை.
• பிஏபி1 மரபணுவில் பரம்பரையாக வரும் மாற்றம்.
• முதுமை. ஆண்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்குப் பணிச்சூழலே பெரும் காரணம்.

புகைபிடித்தல் மீசோதெலியோமாவை உண்டாக்குவதாக அறியப்படவில்லை. ஆயினும், கல்நார்த் தூசிக்கு உள்ளானவர் புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்புப் பன்மடங்காகிறது. ஆகவே புகைப்பழக்கத்தைக் கைவிடுதல் இன்றியமையாதது.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருப்பின்

சிதையாமல் நல்ல நிலையில் உள்ள தகடுகளிலிருந்து இழைகள் வெளியேறுவது குறைவு. அவற்றைத் துளையிடுதல், அறுத்தல், தேய்த்தல், உடைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். உடைந்த துண்டுகளை உலர்ந்த நிலையில் பெருக்காமல், நீர் தெளித்து நனைத்த பின், பயிற்சி பெற்றவரைக் கொண்டு அகற்றவும். குழந்தைகளை அவ்விடத்தில் அனுமதிக்க வேண்டாம்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

மூச்சுத்திணறல், நீங்காத மார்புவலி, தொடர் இருமல், வயிற்று வீக்கம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை இருப்பின் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகவும். இவ்வறிகுறிகள் பிற நோய்களிலும் தோன்றுவதால், உங்கள் பணி வரலாறு மருத்துவருக்குப் பெரிதும் உதவும். இளமையில் சில மாதங்களே செய்த வேலையாயினும், எங்கு, எந்த ஆண்டுகளில், எத்தகைய பணி என்பதைக் குறித்து எடுத்துச் செல்லவும். பெற்றோர், வாழ்க்கைத்துணை ஆகியோரின் தொழிலையும் தவறாது குறிப்பிடவும்.

கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைப் பணியில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தையதோ அதுவரை நிறுவனங்கள் பேணிக்காக்க வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் ஆணையிட்டது. ஓய்வு பெற்றவரும் தம் பணிச் சான்றுகளையும் பழைய ஊடுகதிர்ப் படங்களையும் பாதுகாத்து வைத்தல் நன்று.