பிரிந்த சபைகளும் கோயில் சொத்தும்

ஒரு கிறிஸ்தவத் திருச்சபையைவிட்டு ஓர் ஊர் மக்களோ ஒரு பிரிவினரோ விலகும்போது கோயில், பள்ளிக்கூடம், நிலம், கல்லறைத் தோட்டம், பொதுப்பணம் ஆகியவை யாருக்குச் சேரும் என்பதில் எழும் வழக்குகள் தென்னிந்தியாவில் 19ஆம் நூற்றாண்டு முதல் தொடர்கின்றன. கல் சுமந்தவர்களும் கோயில் வரி கொடுத்தவர்களும் ‘நாங்கள் கட்டின கோயில்’ என்கிறார்கள். நீதிமன்றம் பார்ப்பது வேறு: சொத்து எந்த நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டது, அந்த நோக்கத்தில் இன்று நிற்பவர் யார்? தீர்ப்புகள் பல ஊர்க்காரர்களுக்கு அநியாயமாகப் படுவது இதனால்தான்.

இந்த அளவுகோலை 1817இல் இங்கிலாந்தில் எல்டன் பிரபு வகுத்தார். அதன் கடுமை 1904இல் ஸ்காட்லாந்தில் தெரிந்தது. அங்கே சுதந்திரத் திருச்சபையின் மிகப் பெரும்பான்மையினர் 1900இல் வேறொரு திருச்சபையோடு இணைந்தார்கள். இணைய மறுத்தவர்கள் சிறு கூட்டம். பழைய கொள்கையில் நிற்பவர்கள் அந்தச் சிறு கூட்டத்தாரே என்று பிரபுக்கள் சபை சொத்து முழுவதையும் அவர்களுக்கே கொடுத்தது. அவர்களால் அதைக் கட்டிக்காக்க முடியாது என்று கண்ட நாடாளுமன்றம், அடுத்த ஆண்டே சட்டம் இயற்றிப் பங்கிட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் முதல் பெரிய பிளவு கத்தோலிக்கர்களிடையே வந்தது. ஆயர்களை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் அரசரிடம் இருந்த பகுதிகளில், அதாவது பதுரவாதோ ஆட்சியில், மயிலாப்பூர் மறைமாவட்டமும் அடங்கும். 1838இல் திருத்தந்தை 16ஆம் கிரகோரி அந்த அதிகாரத்தை முடக்கினார். அதே காலத்தில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனைப் புதுப்பிக்க வந்தார்கள். வந்த இடத்தில் பதுரவாதோ ஆட்சிக்குக் கட்டுப்பட்ட கோவா குருக்கள் பல கோயில்களில் இருந்தார்கள், விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஊரில் இரு கட்சி, இரு குரு, சில இடங்களில் இரு கோயில் என்று ஆயிற்று. ரோமையும் போர்ச்சுகலும் செய்துகொண்ட 1886 உடன்படிக்கைதான் இதை ஓரளவு தீர்த்தது. ஆனால் அதன்படி ரோமையின் நேரடி ஆட்சிக்குக் கைமாறிய கோயில்களின் மக்கள் சிலர் அதை ஏற்கவில்லை. இலங்கையிலும் திண்டுக்கல்லிலும் அப்படிப் பிரிந்தவர்கள் கோவா குரு அல்வாரிஸைத் தலைவராகக் கொண்டார்கள். கோட்டயம் பழைய செமினரியில், கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் மலங்கரைச் சபை ஆயர்கள் அவரை 1889 ஜூலையில் ஆயராகத் திருநிலைப்படுத்தினார்கள்.

அந்தச் செமினரியே அதே மாதத்தில்தான் ஒரு பெரும் வழக்கில் கைமாறியிருந்தது. 1815இல் தொடங்கிய செமினரி அது. மலங்கரைச் சபைக்குள் ஆங்கிலேய மிஷனரிகளின் தாக்கத்தில் வழிபாட்டைச் சீர்திருத்தியவர்கள் ஒரு பக்கம். அந்தியோக்கியாவின் தலைமை ஆயருக்குக் கட்டுப்பட்டவர்கள் மறுபக்கம். 1879இல் ஆலப்புழை நீதிமன்றத்தில் ஜோசப் மார் திவன்னாசியோஸ் வழக்குப் போட்டார். எதிர்வாதி, சீர்திருத்தத் தரப்பின் தாமஸ் மார் அத்தனாசியோஸ். மலங்கரைச் சபை யாருக்கும் கட்டுப்படாதது என்பது அவர் தரப்பு வாதம். 1889 ஜூலை 12 அன்று திருவிதாங்கூரின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயர் என்றால் அந்தியோக்கியாவின் அங்கீகாரம் வேண்டும் என்று கொண்டவர்கள் இரு இந்து நீதிபதிகள். மாறுபட்டவர் ஐரோப்பியரான ஆர்ம்ஸ்பி. தோற்ற தரப்பு செமினரியைவிட்டு இறங்கியது. மாராமண், கோழஞ்சேரி போன்ற சில கோயில்களே அவர்களிடம் மிஞ்சின. பின்னாளில் மார்த்தோமா திருச்சபை என்று அறியப்பட்டவர்கள் இவர்களே.

வென்றவர்களும் அதிக நாள் ஒன்றாக இருக்கவில்லை. 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் 8 சதவீத நிரந்தர வட்டிக்குப் போட்ட 3,000 பூவராகன், ‘வட்டிப்பணம்’ என்ற பெயரில், அவர்களைப் பிரித்தது. அந்தியோக்கியத் தலைமை ஆயர் கட்சி (யாக்கோபாயர்), 1912இல் கேரளத்தில் நிறுவப்பட்ட கத்தோலிக்கோஸ் என்ற தலைமைப் பதவியை ஏற்ற கட்சி (ஆர்த்தடாக்ஸ்), இரண்டில் யாருக்கு வட்டியைக் கொடுப்பது என்று தெரியாமல் அரசே 1913இல் நீதிமன்றத்தை நாடியது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வழக்கு வேறு வடிவம் எடுத்தது. அங்கே 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நீள்கூடங்கள். பீடத்தருகே அவை சேர்கின்றன. வேளாளர் ஒரு கூடத்திலும் நாடார் முதலான மற்றவர்கள் இன்னொன்றிலும் நின்று ஒரே பூசையைக் காண வேண்டும், ஒருவரையொருவர் காணக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். 1910இல் இயேசு சபைக் குருக்கள் தடுப்பை அகற்றினார்கள். வேளாளக் கிறிஸ்தவர்கள் தங்கள் பாத்தியதையை நிலைநாட்டச் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். கோயிலுக்குப் பணம் கொடுத்ததால் தனிப் பாத்தியதை வந்துவிடாது, கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு இடம் ஒதுக்கக் கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ‘கட்டினவருக்கே கோயில்’ என்ற நியாயம் எளியோர் வாயில் வரும்போது மனம் அதன் பக்கம் சாயும். வடக்கன்குளத்தில் அதே நியாயம் சுவருக்குக் காவலாக நின்றது. நீதிமன்றம் அதை ஏற்காதது நல்லதாயிற்று.

திருச்சபைகளின் இணைப்பும் பிளவை உண்டாக்கியது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது நந்தியால் ஆங்கிலிக்கர் பலர் சேரவில்லை. குஜராத்தின் பிரதரன் சபையார் சிலர் 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையை ஏற்கவில்லை. இணைப்புத் தீர்மானத்தால் மட்டும் பொது அறக்கட்டளைச் சொத்து கைமாறிவிடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மலங்கரை வழக்கு 1958, 1995, 2017 என மும்முறை உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. 1934ஆம் ஆண்டின் சபைச் சட்டமே எல்லாப் பங்குகளையும் கட்டுப்படுத்தும் என்றது 2017 ஜூலை 3 தீர்ப்பு. யாக்கோபாயர் பெரும்பான்மையாக இருந்த பல ஊர்களில் கோயில்கள் ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குப் போயின. பிறவம் கோயிலை 2019இல் போலீஸ் காவலோடு ஒப்படைக்க வேண்டியிருந்தது. சொந்தக் குருவோடு மூதாதையர் கல்லறைக்குப் போக முடியாமல் சில குடும்பங்கள் சடலத்தை வாரக்கணக்கில் வைத்திருந்தன. சொத்து வழக்கு செத்தவர்வரை நீண்ட இந்தக் கொடுமைக்குப் பிறகே கேரள அரசு 2020இல் அடக்க உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. எந்தத் தரப்பினரும் தம் மூதாதையர் அடங்கிய பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாம். சடங்கை விரும்பிய குருவைக்கொண்டு வேறிடத்தில் செய்துகொள்ளலாம். கோயில்களை ஒப்படைப்பது பற்றிய வழக்குகள் அதன் பின்னும் நீதிமன்றங்களில் தொடர்ந்தன.